நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே

லிஃப்ட் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'உதறல்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருட அனுபவமுள்ள மெக்கானிக். பத்து மாடி ஆழக் குழிக்கு மேல், இரும்புச் சட்டத்தில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு நட்டு முடுக்குவார். கை இம்மி அசையாது. அதே மனிதரை ஐந்து பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கிற ஓர் அறையில் கொண்டுபோய் நிறுத்தி, "நாலு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் வலது முழங்கால் ஆடும், பிறகு இடது, அப்புறம் கையிலிருக்கிற காகிதம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நெற்றி வேர்வை மூக்கு நுனிவரை வந்து நின்று, விழலாமா வேண்டாமா என்று யோசிக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், பேசுவதும் அவர் வேலையில் ஒரு பகுதி. பழைய கட்டடங்களில் லிஃப்டின் பிரேக் தேய்ந்துபோனால் புதிது வந்து சேர மூன்று வாரம் ஆகும். அதுவரை லிஃப்டை நிறுத்தி வைக்க வேண்டும். பிரேக்குக்குள் லைனிங் என்று ஒரு பட்டை உண்டு. அது இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் மெக்கானிக் யாரையும் கேட்க வேண்டாம். மெயின் ஸ்விட்சை இறக்கிப் பூட்டைப் போட்டுவிட்டு வந்துவிடலாம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றால்தான் தலைவலி. அப்போது குடியிருப்போர் சங்கத்தைக் கூட்டி, அவர்கள் முன்னால் நின்று, ஏன் நிறுத்த வேண்டும் என்று விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். யார் அளந்தாரோ அவர்தான் பேச வேண்டும் என்பது கம்பெனியின் விதி. அந்த விதியை எழுதிய புண்ணியவான் தன் வாழ்நாளில் ஐந்து பேர் முன்னால் நின்றிருக்க மாட்டான்.

இரண்டு வருடத்தில் மூன்று கட்டடங்களில் உதறல் இப்படிப் பேச நேர்ந்தது. முதல் கட்டடத்தில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து ஓர் அம்மாள் ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொண்டுவந்தார். இரண்டாவதில் அவரைப் பெஞ்சில் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவதில் யாரோ ஆம்புலன்ஸுக்கே போன் போட்டுவிட்டார்கள். மூன்று கட்டடங்களிலும் பத்தே நிமிடத்தில் கையெழுத்து விழுந்தது. அன்று சாயங்காலமே லிஃப்ட் நின்றது. இந்த இரண்டு சங்கதிகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டுப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவருக்கே தோன்றவில்லை, அதை விடுங்கள்.

கம்பெனிக்குத் தோன்றியது வேறு. ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் சங்கச் செயலாளர் ஒரு படிவம் நிரப்பி அனுப்புவார். அதில் 'பேச்சாளரின் நிதானம்' என்று ஒரு கட்டம், ஐந்துக்கு மதிப்பெண். முதலில் ஒன்று, அடுத்தது ஒன்று. மூன்றாவது செயலாளர், அச்சடித்த எண்களில் பூஜ்யம் இல்லையே என்று பேனாவால் ஒரு பூஜ்யத்தை வரைந்து அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்.

மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். உதறலைவிடப் பதினைந்து வயது சின்னவர். கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டாலே எந்த லிஃப்ட் என்று சொல்லக்கூடியவர் இல்லை, ஆனால் எந்தப் படிவம் என்று சொல்லிவிடுவார்.

"அண்ணே, உங்க வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா நாம விக்கிறது லிஃப்ட் இல்ல, நம்பிக்கை. நீங்க போய் அங்க பீதியக் கிளப்பிட்டு வர்றீங்க."

"வேணும்னேவா பண்றேன் சார்? அதுவா வருது."

"அதுவா வர்றத அதுவா போக வைக்க ஒரு வகுப்பு இருக்கு. மூச்சுப் பயிற்சி. ஆறு சனிக்கிழமை. பணம் கம்பெனி கட்டும். போய்ட்டு வாங்க, அடுத்த படிவத்துல எனக்கு அஞ்சு வேணும்."

அச்சகத்துக்கு மேலே இருந்த நீளமான அறையில் அந்த வகுப்பு நடந்தது. கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் தரை லேசாக அதிரும். டீச்சருக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். குரலை உயர்த்தவே மாட்டாள். கடைசி வரிசைக்குக் கேட்காது, ஆனால் கேட்கவில்லையே என்ற கவலையும் கடைசி வரிசைக்கு வராது, அப்படி ஒரு குரல். பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்களில் இன்ஷூரன்ஸ் விற்கிறவர் ஒருவர், புதிதாக வேலைக்குச் சேர்ந்த கல்லூரி ஆசிரியை, தன் கடை திறப்பு விழாவில் மயங்கி விழுந்த மளிகைக்காரர். எல்லோரும் தன் ஜாதிதான் என்று தெரிந்ததுமே உதறலுக்குப் பாதி உயிர் வந்தது.

"வயித்து மேல கைய வைங்க. மூக்கு வழியா நாலு எண்ணி உள்ள. நாலு எண்ணி நிறுத்துங்க. ஆறு எண்ணி வெளிய. ஏதாவது நெனப்பு வந்தா விரட்டாதீங்க. 'வந்துட்டியா, அப்படி ஓரமா உக்காரு'ன்னு சொல்லிட்டு மறுபடி மூச்சுக்கு வாங்க."

முதல் வாரம் அவருக்கு வந்த நினைப்புகள் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தன. இரண்டாவது வாரம்தான் பிடிபட்டது. இது பிரேக் சமாசாரமேதான்! உள்ளே இழுப்பது ஓட்டம், நிறுத்துவது பிடிமானம், வெளியே விடுவது மெதுவாகத் தளர்த்துவது. இத்தனை நாள் தன் உடம்பு பிரேக் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. அதற்கப்புறம் மனிதரைப் பிடிக்க முடியவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நாலு, நாலு, ஆறு. சாப்பாட்டு இடைவேளையில் நாலு, நாலு, ஆறு. வீட்டில் துணி துவைக்கிற மெஷினைச் சபையாக நினைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்று பேசிப் பழகினார்.

மனைவி ஈரத்துணியோடு வந்து நின்று கேட்டாள். "ஏங்க, என் எதிர்ல பேசும்போது மட்டும் ஒரு நாளும் உங்களுக்கு உதறினதே இல்லையே, அது எப்படி?"

"அஞ்சு பேருக்கு மேல இருந்தாத்தான் வரும்."

"என் ஒருத்தியவே அஞ்சு பேருக்குச் சமம்னு உங்க அக்கா சொல்றாங்க. எதுக்கும் பாத்து இருங்க."

ஆறாவது சனிக்கிழமை ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் பேச வேண்டும். உதறல் லிஃப்ட் கதவுப் பூட்டு பற்றிப் பேசினார். உள்ளங்கால் தரையில் பதிந்திருப்பதைக் கவனித்தார், மூச்சைக் கவனித்தார், வாய் அதுபாட்டுக்கு ஓடியது. முழங்கால் ஆடவில்லை. காகிதம் ஆடவில்லை. இருபது பேர் அசையாமல் கேட்டார்கள். இன்ஷூரன்ஸ்காரர் கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டார். முடித்ததும் கைதட்டல்.

"பாத்தீங்களா, உங்க நிதானம் எங்க எல்லாருக்கும் தொத்திக்கிச்சு" என்றாள் டீச்சர். "பேசுறவர் எப்படி இருக்காரோ கேக்கிறவங்களும் அப்படியே ஆயிடுவாங்க. இத மறக்காதீங்க."

படியிறங்கித் தெருவுக்கு வந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல முடியாமல் வாங்கிய அடிகள், அக்கா கல்யாணத்தில் வாழ்த்திப் பேச மைக்கைப் பிடித்து மைக்கோடு சேர்ந்து சாய்ந்தது, அதைப் பார்த்துச் சிரித்த முகங்கள், எல்லாம் ஒன்றொன்றாக வந்தன. எல்லாவற்றையும் ஓரமாக உட்காரச் சொன்னார். மளிகைக்காரரோடு ஒரு டீ குடித்துவிட்டு, கால் தரையில் பாவாமல் வீட்டுக்குப் போனார்.

சரியாக அடுத்த திங்கட்கிழமை அக்கா குடியிருக்கிற கட்டடத்தில் மாதாந்திரப் பராமரிப்பு. பதினோரு மாடி. அக்கா ஒன்பதாவதில் தனியாக இருக்கிறாள். மாமா போய் நாலு வருடம் ஆகிறது. மொட்டை மாடி மெஷின் அறையில் பிரேக்கைக் கழற்றி லைனிங்கை அளந்தார் உதறல். இரண்டு புள்ளி மூன்று. போன மாதம் இரண்டு புள்ளி ஒன்பது இருந்தது. இப்படியே போனால் இரண்டு வாரம்கூடத் தாங்காது. அதைவிட மோசம் இன்னொன்று. லிஃப்ட் ஒரு மாடியில் வந்து நின்ற பிறகு, கதவு திறந்த நிலையிலேயே, இரண்டு விரற்கடை கீழே போய் உட்கார்ந்தது. ஆள் ஏறினால் கயிறு இழுபட்டு ஒரு நூல் இறங்குவது சகஜம். இது அது இல்லை. பிரேக் பிடித்தும் பிடிக்காமலும் வழுக்குகிறது.

கட்டடத்துக்காரர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. "பாத்து, படி இருக்கு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு ஏறி இறங்கினார்கள். இல்லாத படியை இருப்பதாக எடுத்துக்கொள்வதில் நம் ஆட்களை மிஞ்ச முடியுமா?

ஒன்று புள்ளி ஒன்பது என்று எழுதிவிட்டால் போதும்; தானே பூட்டைப் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் அளவுகோலைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், தவிர இந்த மனிதருக்குப் பொய் எழுத வராது. இரண்டு புள்ளி மூன்று என்றே எழுதினார். மேனேஜர் உடனே சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டம் ஏற்பாடு செய்துவிட்டார். "அஞ்சுக்கு அஞ்சு, மறந்துடாதீங்க அண்ணே!"

கீழே இறங்குகிற வழியில் ஒன்பதாவது மாடிக்குப் போனார், படியில். அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஆறு வாரம். கையில் ஊன்றுகோல். வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போய் வருகிறாள்.

"அக்கா, மூணு வாரம் லிஃப்ட நிறுத்தணும். நீ என் வீட்டுக்கு வந்துடு. கீழ் வீடு, படியே இல்ல."

"ஸ்பிரிங் குத்துற உன் வீட்டு சோபாவுல மூணு வாரம் படுத்தேன்னா அடுத்த ஆபரேஷன் முதுகுக்குத்தான். அதெல்லாம் வேண்டாம்."

"அப்போ அதுவரைக்கும் லிஃப்ட்ல ஏறாத. வழுக்குது."

"என்னடா வழுக்குது? நான் தினம் ஏறி எறங்கறேன். கோல முதல்ல வைக்கிறேன், அப்புறம் ஆபரேஷன் கால், அப்புறம் நல்ல கால். ஒரு நாள் கூடத் தடுக்கினதில்ல." அக்கா கோலைத் தரையில் தட்டினாள். "சின்ன வயசுல பீரோவத் திறக்கவே பயப்படுவ. நீ எதுக்குத்தான் பயப்படல, இதுக்குப் பயப்படாம இருக்க? உன் பேச்சக் கேட்டா நான் வாசல் கதவையே திறக்க முடியாது."

கோல் முதலில், அப்புறம் ஆபரேஷன் கால். அவ்வளவு மெதுவாக ஒருத்தி ஏறுகிறபோது லிஃப்ட் கூண்டு நழுவினால் என்ன ஆகும் என்று உதறலுக்குத் தெரியும். வேறொரு கம்பெனியின் லிஃப்டில் நடந்த விபத்தைப் போய்ப் பார்த்தவர் அவர். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அக்காவைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? லிஃப்ட் நின்றால்தான் உண்டு. லிஃப்ட் நிற்க வேண்டுமென்றால் அவர் பேச வேண்டும். நல்லவேளை, இப்போதாவது பேசக் கற்றுக்கொண்டோமே என்று நினைத்துக்கொண்டு, நாலு எண்ணி உள்ளே இழுத்தார்.

சனிக்கிழமை. பதினோராவது மாடியில் லிஃப்டுக்கு எதிரேயே சங்கத்தின் கூடம். முப்பத்து நாலு பேர் வந்திருந்தார்கள். நடுவில் செயலாளர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் முப்பது வருடம் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லியே பழகிப்போன, ரொம்ப இனிமையான மனிதர். முன்வரிசையில் அக்கா, காலை நீட்டிக்கொண்டு. இந்த வேடிக்கையைப் பார்க்கவே வந்தவள்போல ஊன்றுகோலை மடியில் வைத்திருந்தாள்.

உதறல் எழுந்தார். முழங்காலைப் பார்த்தார், அசையவில்லை. உள்ளங்காலைத் தரையில் பதித்தார். நாலு, நாலு, ஆறு. பிறகு பேச ஆரம்பித்தார்.

அடடா, என்ன பேச்சு! தெளிந்த குரல். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு ஒரு மூச்சு. "இந்த லிஃப்டின் பிரேக் அதன் ஆயுளின் கடைசியில் இருக்கிறது" என்றார்; ஒரு மூச்சு. "முழு எடையோடு நிற்கும்போது, கதவு திறந்திருக்கையிலேயே கூண்டு கீழே நழுவலாம்", ஒரு மூச்சு. "அப்போது யாராவது ஏறிக்கொண்டிருந்தால், கூண்டின் கூரைக்கும் மாடித் தரைக்கும் நடுவில் சிக்கிக்கொள்வார்கள்"; புன்னகையோடு இன்னொரு மூச்சு. நாளைக்கு லேசாக மேகமூட்டம் இருக்கும் என்று வானொலியில் சொல்வார்களே, அந்தத் தோரணை. பின்வரிசையில் ஒருவர் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். மூன்றாவது மாடி அம்மாள், தாலாட்டுக் கேட்கிற குழந்தையாட்டம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கைக்குழந்தைகள்கூட அழவில்லை.

இதையெல்லாம் அவர் பார்த்திருக்க வேண்டும். அவர் பார்த்தது தன் மூச்சை. ஆடாத தன் கையைப் பார்த்து, அக்காவின் வாய் பிளந்திருப்பதைப் பார்த்து, உள்ளுக்குள் பூரித்துப்போய்விட்டார். அந்தக் கால் மணி நேரமும் அவர் மனதில் லிஃப்ட் இல்லவே இல்லை என்பதை நான் சொல்லாமல் விட்டால் அது அவருக்குச் செய்கிற சலுகை.

"எதாவது சந்தேகம் இருந்தா கேளுங்க" என்று முடித்தார்.

பல் டாக்டர் கேட்டார். "அந்தப் பட்டை இப்போ எவ்வளவு இருக்குன்னு சொன்னீங்க சார்?"

"ரெண்டு புள்ளி மூணு."

"எவ்வளவுக்குக் கீழ போகக் கூடாது?"

"ரெண்டு."

"அப்போ இன்னும் இருக்கு!" என்றார் டாக்டர் மகிழ்ச்சியாக. கூடம் முழுக்க நிம்மதிப் பெருமூச்சு ஓடியது. நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்ட மாதிரி, எல்லோரும் ஒரே நேரத்தில்.

"இல்ல சார், அது வேகமாத் தேயுது. ரெண்டு வாரத்துல..." என்றார் உதறல், அதே பட்டுக் குரலில்.

"புரியுது, புரியுது. பேரப் பசங்களுக்கு இப்போ பரீட்சை நேரம். பாதிப் பேர் வயசானவங்க. மூணு மாசம் கழிச்சு லீவு வருது, எல்லாரும் ஊருக்குப் போயிடுவாங்க, அப்போ நிறுத்திக்கலாம். என்ன சொல்றீங்க?"

"அவசரம்னா அவர் மூஞ்சில தெரிஞ்சிருக்காதா?" என்றார் மூன்றாவது மாடி அம்மாள். "எவ்வளவு சாந்தமா இருக்கார் பாருங்க. எனக்கு வரும்போது இருந்த தலைவலியே போயிடுச்சு."

கை தூக்கச் சொன்னார்கள். மூன்று மாதம் தள்ளிப் போட முப்பத்து மூன்று கை. தூங்கிக்கொண்டிருந்தவர் தூக்கவில்லை. அந்த முப்பத்து மூன்றில் ஒன்று ஊன்றுகோலோடு உயர்ந்தது.

"தம்பி, பிரமாதம்டா!" என்றாள் அக்கா. கண்ணில் தண்ணீர். "அம்மா இருந்து இதப் பாத்திருக்கணும்."

டாக்டர் படிவத்தை எடுத்து அங்கேயே நிரப்பினார். நிதானம்: ஐந்து. பக்கத்தில் 'மிக மிகச் சிறப்பு' என்றும் எழுதினார். இரண்டு பேர் மூச்சு வகுப்பின் விலாசம் கேட்டார்கள். உதறல் காகிதத்தில் விலாசம் எழுதிக் கொடுத்தார், அழகான கையெழுத்தில். எழுதி முடித்துப் பேனாவை மூடும்போதுதான் அவருக்கு உறைத்தது. லிஃப்ட் நிற்கவில்லை. தான் இன்று செய்ய வந்த ஒரே காரியம் நடக்கவில்லை, அதற்குப் பாராட்டு வேறு வாங்கியாயிற்று.

அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கூட்டம் கலைந்து வாசலுக்குப் போயிருந்தது. லிஃப்ட் வந்து நின்று கதவு திறந்திருந்தது. ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். "பாத்து, படி இருக்கு" என்றார் யாரோ. நான்கு பேர். ஐந்து பேர். டாக்டர் ஏறி உள்ளேயிருந்து கையசைத்தார். "வாங்க சார், ஒண்ணா எறங்கிடலாம். நம்ம வீட்டுல ஒரு டீ சாப்பிட்டுட்டுப் போகலாம்."

உதறலின் கண் தரைக்குப் போனது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். இரண்டு விரற்கடை. ஆறாவது ஆள் ஏறினார், மூன்று. மூன்றாவது மாடி அம்மாள் ஏறினார், நான்கு. அது நிற்கவில்லை. யாரும் ஏறாத அந்த நொடியிலும், கடிகாரத்தின் பெரிய முள் நகர்வதைப் போல, இறங்கிக்கொண்டேயிருந்தது.

அக்கா எட்டாவது ஆள். கோலை உள்ளே வைத்தாள்.

அவர் கத்த வேண்டும். வாயைத் திறந்தார். ஆனால் ஆறு வாரம் பழக்கிய உடம்பு என்ன செய்தது தெரியுமா? மூக்கு வழியாகக் காற்றை இழுத்தது. ஒன்று. இரண்டு. பதற்றம் வந்துவிட்டதா, ஓரமாக உட்காரு. மூன்று. அக்கா ஆபரேஷன் காலைத் தூக்கினாள். நான்கு. இப்போது நிறுத்த வேண்டும், நாலு எண்ணி.

அந்தக் கால் தரையை விட்டு எழும்பிக் காற்றில் நின்ற நொடியில் பழக்கமெல்லாம் உடைந்தது. முழங்கால் முதலில் போனது. பிறகு தோள், தாடை, கை. காகிதங்கள் பறந்தன. முகம் வெள்ளைத் துணியாய் வெளுத்தது. பல்லோடு பல் அடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து நாட்களிலிருந்து அடைத்துக் கிடந்த குரல் கிழிந்துகொண்டு வெளியே வந்தது.

"எ... எ... எறங்... அக்கா! கா... கால... எ... எல்லாரும் வெ... வெளிய!"

"சார், மூச்சு விடுங்க, மூச்சு" என்றார் பல் டாக்டர் உள்ளேயிருந்து. அப்புறம் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தார். அவர் குரல் பாதியிலேயே நின்றது. 'ஒண்ணுமில்ல' என்று சொல்ல முடியாத முகத்தை அவருக்கு அடையாளம் தெரியும்.

அக்கா காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மூன்றாவது மாடி அம்மாள் கைப்பையைப் போட்டுவிட்டு ஒரே தாவாகத் தாவினார். ஒருவர் மேல் ஒருவர் விழுந்தடித்துக்கொண்டு ஏறி வந்தார்கள். ஆமாம், ஏறித்தான் வர வேண்டியிருந்தது. கூண்டின் தரை ஒரு சாண் கீழே போயிருந்தது. கடைசியாக டாக்டரை இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். ஆட்கள் வெளியேறியதும் கூண்டு அசையாமல் நின்றது, திறந்த வாயோடு. அக்காவின் ஊன்றுகோலும் அந்தக் கைப்பையும் உள்ளே விழுந்து கிடந்தன.

உதறல் மெஷின் அறைக்கு ஓடி மெயின் ஸ்விட்சை இறக்கினார். பூட்டைத் துளையில் நுழைக்க நாலு முறை முயன்றார். திரும்பி வந்தபோது காகிதம் தயாராக இருந்தது. முப்பத்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தூங்கியவரும் எழுந்து வந்து முப்பத்து நாலாவதாகப் போட்டார். எத்தனை மில்லிமீட்டர் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓர் அம்மாள் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொண்டுவந்திருந்தார்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தார். "இவ்வளவு ஆபத்துன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்?"

"இதையேதான் சார் கா... கால் மணி நேரமாச் சொன்னேன்."

"சொன்னீங்க. ஆனா சொல்ற மாதிரி சொல்லலையே!"

உதறல் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்தார், பாதி சட்டையில். டாக்டர் நியாயமான மனிதர். படிவத்தைத் திரும்ப எடுத்து, ஐந்தை அடித்து, ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டார். 'மிக மிகச் சிறப்பு' என்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதை மட்டும் அடிக்காமல் விட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் மேனேஜர் போனில் வந்தார். "என்ன அண்ணே, கடைசி நிமிஷத்துல இப்படிப் பண்ணிட்டீங்க? பரவாயில்ல, அந்த டீச்சர்கிட்டயே ரெண்டாவது நிலை வகுப்பு ஒண்ணு இருக்காம், சேத்து விடறேன்" என்றார். உதறல் போனை அணைத்துப் பையில் போட்டார்.

பதினோராவது மாடியிலிருந்து ஒன்பதாவதுக்கு இரண்டு மாடி, நாற்பது படி. கோல் கூண்டுக்குள் கிடந்தது; அதை எடுக்க யாரையும் அவர் விடவில்லை. அக்கா ஒரு கையால் கைப்பிடிக் கம்பியையும் மறு கையால் தம்பியின் தோளையும் பிடித்துக்கொண்டாள். பிசியோதெரபிக்காரி சொல்லிக் கொடுத்தபடி, இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில், நல்ல கால் பின்னால். தோள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அக்காவின் கையும் அதோடு சேர்ந்து ஆடியது.

"இப்போ யாரு யாரப் பிடிச்சிருக்கான்னே தெரியலடா" என்றாள் அக்கா.

அவருக்கு வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது. காற்றில் நின்ற அந்தக் கால் கண்ணை விட்டுப் போகவில்லை. கைப்பிடியில் சாய்ந்து நின்று, கண்ணை மூடி, மூக்கு வழியாக மெதுவாக இழுக்க ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு.

தோளில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது.

"மூச்ச அப்புறம் எண்ணலாம்" என்றாள் அக்கா. "உதறினா உதறட்டும், விடு. மீதிப் படிய நாளைக்கு உக்காந்து உக்காந்தாவது எறங்கிடுவேன். உன் வீட்டு சோபாவுல அந்த ஸ்பிரிங் எந்தப் பக்கம் குத்தும்னு மட்டும் சொல்லு. நான் மறுபக்கம் படுத்துக்கறேன்."